மில்ட்ரெட்டின் ரஷ்யன் வண்டி

மே மாதம் பிறந்துவிட்டால் ஐசக் பெயின்ட் டப்பாவைத் திறந்துவிடுவார். புனே பக்கத்துத் தேகு ரோட்டில் எங்கள் வீட்டு வரிசைக்கே தெரிந்த சங்கதி இது. நாங்கள் வேலை பார்த்த ஒர்க்‌ஷாப்பில் வருடாந்திர இன்ஸ்பெக்‌ஷனுக்கு முந்தின வாரம் கண்ணில் பட்டதற்கெல்லாம் பெயின்ட் அடிப்பார்கள். லேத்துக்கு, வைஸுக்கு, தண்ணீர்த் தொட்டிக்கு, ஒரு வருடம் சுவரில் சாத்தி வைத்திருந்த என் சைக்கிளுக்கும். முப்பத்தைந்து வருடம் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆன பிறகும் ஐசக்கை அந்தப் பழக்கம் விடவில்லை. வீட்டுக்கு எந்த ஆபீசரும் வரப்போவதில்லை, இருந்தாலும் வருடா வருடம் அவர் ட்ராக்டருக்கு ஒரு கோட்டு சிவப்பு ஏறிவிடும். இந்த வருடம் கை தாராளமாகிவிட்டது, இரண்டு கோட்டு.

அந்த ட்ராக்டருக்கு முன்னால் இரண்டு இரும்புக் கைகள், கைகளின் நுனியில் ஓர் ஆள் படுக்கிற அகலத்துக்குப் பக்கெட். மண்ணை அள்ளித் தூக்கி டிராலியில் கொட்டுகிற லோடர் வண்டி. இருபது வருடத்துக்கு முன்னால் எங்கள் ஒர்க்‌ஷாப்பில் கழித்துக் கட்டிய சாமான்களை ஏலம் விட்டபோது ஐசக் எடுத்தது. எந்தக் கம்பெனி வண்டி என்று அன்றைக்கே யாருக்கும் தெரியாது. பெயர்த் தகடு இருந்த இடத்தில் இரண்டு ஆணி ஓட்டைகள்தான் இருந்தன. பானெட் ஒரு வண்டியுடையது, பின்சக்கரம் வேறொரு வண்டியுடையது.

எங்கள் ஒர்க்‌ஷாப்பில் இன்னொரு வழக்கமும் உண்டு. வெளிநாட்டிலிருந்து மரப்பெட்டியில் வந்தது எதுவானாலும் அது ரஷ்யன். ரஷ்யன் ஸ்பேனர், ரஷ்யன் ஜாக்கி. ஜப்பான்காரன் தராசுகூட ரஷ்யன் தராசு என்றுதான் ரிஜிஸ்டரில் ஏறியது. அந்த ஏலப் பட்டியலில் 'ரஷ்யன் ட்ராக்டர், ஒன்று' என்று டைப் அடித்த கிளார்க் அடியேன்தான். யாரும் ஆட்சேபிக்கவில்லை. அதனால் அது ரஷ்யன் ஆகிவிட்டது.

வண்டியை ஓட்டுவது ஐசக்கின் மனைவி மில்ட்ரெட். பதினொரு வருடத்துக்கு முன்னால் டிரைவர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட, ஐசக் டியூட்டியில் இருக்க, டிராலி காத்துக்கொண்டிருக்க, அவளே ஏறி உட்கார்ந்தாள். அதுவரை ஒரு பள்ளி ஹாஸ்டலில் சமையல் வேலை பார்த்தவள். நூற்றிருபது பிள்ளைகளுக்குச் சாம்பார் கிண்டிய கைக்கு லோடரின் இரண்டு நெம்புகோல்கள் பெரிய பாரமாக இல்லை. அன்றைக்கு இறங்கியதும் ஹாஸ்டலுக்குப் போய் வேலையை விட்டுவிட்டு வந்தாள். அதற்குப் பிறகு அவளை யாரும் ஆயா என்று கூப்பிடவில்லை. வண்டி போனால் மறுபடியும் அந்த அடுப்படிக்குத்தான் போகவேண்டும் என்பது அவளுக்குத் தெரியும்.

தளேகாவ் பக்கம் ஒரு ரோஜாப் பண்ணை. வருடம் முழுக்க அங்கேதான் வேலை. மழைக்கு முன்னால் செம்மண்ணையும் சாணி எருவையும் உமியையும் கலந்து, பாத்திகளுக்கு டிராலியில் ஏற்றி அனுப்ப வேண்டும். மழை இறங்கிவிட்டால் கலவை சேறாகிவிடும். ஜூன் முதல் செவ்வாய்க்கிழமை காலை, அந்தக் குவியலின் நடுவில் நின்றுகொண்டுதான் வண்டி மக்கர் செய்தது. பக்கெட் இடுப்பு உயரம் வரை போய் நின்று நடுங்கியது. அந்தப் பக்கெட்டைத் தூக்குவது ஆயிலை இழுத்து அழுத்துகிற ஒரு பம்ப். பம்ப் கீச்சென்று கத்தியது. மில்ட்ரெட் இறங்கி ஆயில் டேங்கின் மூடியைத் திறந்து பார்த்தாள். ஆயில் இருந்தது. மூடிவிட்டு ஏறினாள், நல்ல பிள்ளையாக ஏழெட்டு நடை தூக்கியது. பிறகு மறுபடியும் அதே கத்தல்.

பண்ணை மேனேஜர் ஷ்யாம் கெட்டவரில்லை. ஆனால் வானத்தைப் பார்த்துப் பயந்த மனிதர். லோணாவளா பக்கம் மேகம் கறுத்துக்கொண்டிருந்தது. வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு வண்டி நிற்காமல் வேலை செய்ய வேண்டும், இல்லையென்றால் ஜேசிபி வரும், வந்தால் இனி வருடம் முழுக்க அதுதான் என்று சொல்லிவிட்டார். மில்ட்ரெட் சரியென்று தலையாட்டிவிட்டு, வண்டியை மெல்ல ஓட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தாள்.

மத்தியானமே சுனில் வந்தான். தளேகாவில் ஒரு ட்ராக்டர் ஷோரூமில் சர்வீஸ் மெக்கானிக். அவனும் மில்ட்ரெட்டும் பேசிய இந்தியை அப்படியே எழுதினால் இந்திக்கும் வருத்தம், தமிழுக்கும் வருத்தம், அதனால் நம் பேச்சில் சொல்கிறேன். அவனும் டேங்க் மூடியைத் திறந்து பார்த்தான், மூடினான், ஸ்டார்ட் செய்தான். தூக்கியது. மறுபடி மறுபடி தூக்கச் சொன்னான். ஏழாவதிலோ எட்டாவதிலோ நின்று கத்தியது.

"பம்ப் போச்சு காக்கூ" என்றான். காக்கூ என்றால் மராத்தியில் சித்தி. "சீல் வழியா ஆயில் கசியுது பாருங்க. புதுசு போடணும்."

"போடு."

"எந்தக் கம்பெனி பம்ப்பைப் போட?"

"ரஷ்யன்."

சுனில் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். பானெட்டைத் தட்டினான், சக்கரத்தை உதைத்தான். பிறகு சிரித்துவிட்டான். அதுதான் அவன் செய்த தப்பு.

"இதுக்கு அப்பன் யாருன்னே தெரியலையே காக்கூ. தலை ஒருத்தனோடது, கால் ஒருத்தனோடது. நான் எதைக் கேட்டு எந்தக் கடையில நிக்கறது? பங்காருக்குப் போட்டுடுங்க. கிலோ கணக்குல எடுத்துக்குவான்."

எங்கள் பக்கம் பழைய இரும்புக்காரனைப் பங்கார்வாலா என்போம். அந்தச் சொல் காதில் விழுந்ததும் மில்ட்ரெட் சேலையை இழுத்துச் செருகினாள்.

"அப்பன் பேர் தெரிஞ்சா பம்ப் வருமா?"

"வரும். தெரிஞ்சால்ல?"

"நீ போயிட்டு வா. தெரிஞ்சதும் சொல்லியனுப்புறேன்."

அவன் பைக் முனை திரும்பும் முன்பே அவள் அடுப்படியிலிருந்து தோசைத் திருப்பியை எடுத்து வந்துவிட்டாள். பக்கத்திலிருந்த என் வீட்டிலிருந்து பெயின்ட் கரைக்கிற தின்னர் பாட்டில் போயிற்று. எஞ்சினுக்கும் கியர் பெட்டிக்கும் நடுவில் குந்தி உட்கார்ந்து சுரண்ட ஆரம்பித்தாள். அந்தச் சத்தத்தில் மத்தியானத் தூக்கத்திலிருந்த ஐசக் எழுந்து வந்தார்.

"ஏட்டி, என்ன செய்யுத?"

"பாத்தா தெரியலையா? சுரண்டுதேன்."

"இப்பதானட்டி அடிச்சேன். ரெண்டு கோட்டு. வேர்வ சிந்தி அடிச்சிருக்கேன்."

"நீங்க வேர்வ சிந்துனது போதும். தள்ளி நில்லுங்க, வெளிச்சத்த மறைக்கீய."

"பெயின்ட்டு இருக்கப்போயிதான் இந்த வண்டி இருவது வருசம் துருப்பிடிக்காம கெடக்கு. பெயின்ட்டுதான் இரும்புக்குத் தோலு. இன்ஸ்பெக்‌ஷன்ல ஆபீசரே சொல்லுவாரு."

"எந்த ஆபீசரு இப்ப வந்து நமக்கு மண்ணள்ளித் தரப்போறாரு? அவன் இதுக்கு அப்பன் பேரு கேக்கான். இரும்புல வார்க்கும்போதே எங்கனயாவது எழுதியிருப்பான். தகடு போனா போவுது, வார்த்தது எங்க போவும்? உங்க பெயின்ட்டுக்குக் கீழதான் கெடக்கும்."

"ரஷ்யன்னுதான் தெரியுமே."

"யாரு சொன்னா?"

ஐசக் என்னைப் பார்த்தார். நான் முருங்கை மரத்தைப் பார்த்தேன்.

"அண்ணாச்சி, நீங்க சொல்லுங்க. ரஷ்யன்னு எழுதுனீயளே, எதப் பாத்து எழுதுனீய?" என்று மில்ட்ரெட் என்னைக் கேட்டாள்.

"எல்லாரும் சொன்னாவ, எழுதுனேன்" என்றேன். வேறென்ன சொல்ல.

அவள் திருப்பியைத் தின்னரில் நனைத்தாள். சிவப்புக்குக் கீழே இன்னொரு சிவப்பு, அதற்குக் கீழே காவி, காவிக்குக் கீழே ஒர்க்‌ஷாப் பச்சை. அந்தப் பச்சையைப் பார்த்ததும் ஐசக் கொஞ்சம் நெகிழ்ந்துபோனார், "இது நம்ம ஸ்டோர் பச்சைல்லா" என்று தொட்டுப் பார்த்தார். ஆனாலும் கை கொடுக்கவில்லை. வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, தன் தோலையே உரிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூன்று மணி வெயில் தகரத்தில் அடித்துத் திரும்பியது. மில்ட்ரெட்டின் கழுத்தில் பெயின்ட் தூள் வேர்வையோடு ஒட்டிச் சிவப்பாய் வழிந்தது. நான் இரண்டு தடவை சாயா போட்டுக் கொண்டுவந்தேன். என் பங்குப் பாவத்துக்கு அதுவாவது செய்ய வேண்டுமே.

ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால், கியர் பெட்டியின் பக்கவாட்டில் புடைப்பாக ஓர் இங்கிலீஷ் எழுத்து தெரிந்தது. பிறகு வரிசையாக மொத்தம் ஐந்து. அதற்குக் கீழே எண்கள், அதற்கும் கீழே ஒரு நீண்ட சொல். மில்ட்ரெட் சேலைத் தலைப்பால் துடைத்து, போனில் படமெடுத்து, மகள் டானியாவுக்கு அனுப்பினாள். டானியா ஹிஞ்சேவாடியில் ஐடி கம்பெனியில் இருக்கிறாள். அந்த நேரத்துக்குக் கம்பெனி காரில், டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டிருப்பாள். பத்து நிமிடத்தில் போன் வந்தது. மில்ட்ரெட் ஸ்பீக்கரில் போட்டாள்.

"மம்மி, இது ரஷ்யன் நஹீ ஹை. ஜெட்டார்னு எழுதிருக்கு. கீழே செக்கோஸ்லோவாக்கியா. அது வேற கன்ட்ரி மம்மி, அது இப்போ ரெண்டு கன்ட்ரி ஆயிடுச்சு."

"கன்ட்ரி ரெண்டாவட்டும் மூணாவட்டும். பம்ப்பு கெடைக்குமா?"

"தேக்தி ஹூன், பாக்கறேன். இந்தியாவுலயும் இந்த வண்டி பண்ணாங்க போல. பார்ட்ஸ் கிடைக்குது. டாடி கிட்ட சொல்லு, இருபது வருஷமா தப்பா பேர் சொல்லிக் கூப்ட்டாரு."

"கேட்டுக்கிட்டுதான் இருக்காவ" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

ஐசக் நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார். குனிந்து அந்த எழுத்துகளை விரலால் ஒவ்வொன்றாகத் தடவினார். உள்ளே போய் அவருடைய பழைய டூல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். "பம்ப்பு புதுசு வேண்டாம். சீலு சரியானது கெடச்சா நானே மாத்திருவேன்" என்றார். மூன்று மணியிலிருந்து அவள் எதிர்பார்த்துக்கொண்டிருந்தது இதைத்தான் என்று எனக்குத் தோன்றியது.

புதன்கிழமை காலை நான் சிஞ்ச்வடுக்குப் போனேன். பழைய ட்ராக்டர் சாமான் விற்கிற இஸ்மாயில் பாயின் கடை. ஐசக்கின் வண்டிக்கு வருடா வருடம் அவரிடம்தான் சீல் வாங்குவோம், 'ரஷ்யன் சீல்' என்று கேட்டு. நான் எழுத்தையும் எண்ணையும் காட்டினேன். அவர் கண்ணாடியை இறக்கிவிட்டு என்னை முழுசாகப் பார்த்தார்.

"இவ்வளவு வருஷமா ரஷ்யன், ரஷ்யன்னு உயிரை வாங்கினீங்களே. ரஷ்யனுக்கு நான் எங்கே போவேன்? ஏறக்குறைய சேர்ற மாதிரி ஒண்ணைக் கொடுத்துவிட்டேன். இது ஷெல்ஃப்லயே கிடக்கு."

அவர் எட்டி எடுத்துத் தூசி ஊதிக் கொடுத்தார். உள்ளங்கையில் அடங்குகிற கறுப்பு ரப்பர் வளையம். அதை வாங்கிக்கொண்டு வருகிற வழியெல்லாம் எனக்கு வெட்கமாக இருந்தது.

பம்பைக் கழற்றிச் சீலை மாற்றிப் பூட்ட மத்தியானம் முழுக்க ஆயிற்று. ஐசக் பூட்டினார், மில்ட்ரெட் எடுத்துக் கொடுத்தாள். இரண்டு பேரும் பேசிக்கொள்ளவே இல்லை, "பதினேழு" என்று அவர் கையை நீட்டினால் பதினேழாம் நம்பர் ஸ்பேனர் கைக்கு வரும், அவ்வளவுதான். ஸ்டவ்வில் சோறு குழைந்துபோனது. நான்கு மணிக்கு வடாபாவ் வாங்கி வந்து நின்றபடியே தின்றோம். ஐந்து மணிக்கு ஐசக் ஆயில் ஊற்றி, மூடியைப் போட்டு இறுக்கினார். மில்ட்ரெட் ஏறினாள்.

பக்கெட் ஜம்மென்று எழுந்தது. சீலில் ஒரு சொட்டுக் கசிவு இல்லை. வரிசையில் இருந்த பெண்கள் எல்லாம் வெளியே வந்து பார்த்தார்கள். தூக்கினாள், இறக்கினாள், தூக்கினாள், இறக்கினாள். ஐந்தாவது தடவை இடுப்பு உயரத்தில் பக்கெட் நின்றது. பம்ப் கீச்சென்று கத்தியது.

அவள் எஞ்சினை அணைத்தாள். பெண்கள் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள்.

"போதும்ட்டி" என்றார் ஐசக். "நம்மால முடிஞ்சதச் செஞ்சாச்சு. முந்தி எட்டு தரம் தூக்குச்சி, இப்ப அஞ்சுதான். சுனிலு சொன்னதுதான் சரி. ஷ்யாமுக்குப் போனப் போட்டுச் சொல்லிரு."

"என்னத்தச் சொல்ல?"

"முடியலன்னு."

"எனக்கு அந்த வார்த்த வராது. நீங்க வேணும்னா சொல்லிக்கோங்க, என் போனுல சொல்லாதீய."

"பிடிவாதம் பிடிச்சா இரும்பு கேக்குமாட்டி?"

"கேக்கும். கேக்கலன்னா நாளைக்கி இந்த பக்கெட்ட மடியில வச்சிக்கிட்டு உக்காருவேன். பங்காருக்காரன் என்னயும் சேத்துல்லா நிறுக்கணும். திரும்பி அந்த ஹாஸ்டலு அடுப்பு முன்னால போயி நான் நிக்க மாட்டேன்ங்க. செத்தாலும் மாட்டேன்."

இதைச் சொல்லும்போது அவள் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்கவோ என்னவோ இறங்கிவந்து டேங்க் மூடியைத் திறந்தாள். பக்கெட் இன்னும் அந்தரத்தில்தான் நின்றுகொண்டிருந்தது. மூடி லேசில் வரவில்லை. இரண்டு கையாலும் திருகினாள். உஸ்ஸென்று காற்று உள்ளே போகிற சத்தம் எனக்கே கேட்டது.

அவள் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"பண்ணையில மூடியத் திறந்தேன், தூக்குச்சி. சுனிலு திறந்தான், தூக்குச்சி. நீங்க ஆயிலு ஊத்தத் திறந்தீய, தூக்குச்சி. திறந்தப்பல்லாம் தூக்குது, மூடிக் கொஞ்ச நேரத்துல மூச்சு முட்டுது. இந்த டேங்குக்குள்ள காத்து எந்த வழியா போவும்?"

"மூடியிலயே மூச்சு ஓட்ட உண்டு" என்றார் ஐசக் சட்டென்று. ஃபிட்டர் புத்தி பதில் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது.

அவள் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பளபளவென்று சிவப்பு. ஓட்டை எதுவும் இல்லை. மூடியை அவர் கையில் கொடுத்தாள்.

ஐசக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, டூல் பெட்டியிலிருந்து குத்தூசியை எடுத்து, மூடியின் விளிம்பில் ஓர் இடத்தைத் தடவிக் குத்தினார். தேங்காய்ச் சில்லு மாதிரி ஒரு பெயின்ட் துண்டு பெயர்ந்து விழுந்தது. வருடக்கணக்கில் கோட்டு மேல் கோட்டாக ஓட்டை சுருங்கிக்கொண்டே வந்திருக்கிறது, இந்த மே மாதத்து இரண்டு கோட்டு அதை முழுசாக அடைத்துவிட்டது. பக்கெட் இறங்கும்போது உள்ளே இருக்கிற காற்று மூடி ஓரமாகப் பிதுங்கி வெளியே போய்விடும், திரும்பி உள்ளே வர வழியில்லை, காற்று வராவிட்டால் பம்ப்பால் ஆயிலை இழுக்க முடியாது. பழைய கசிகிற சீல் வழியாகவாவது கொஞ்சம் காற்று போய்க்கொண்டிருந்தது. புதுச் சீல் அதையும் நிறுத்திவிட்டது. அதனால்தான் எட்டு ஐந்தாகியிருக்கிறது.

அவர் ஊதிப் பார்த்தார். ஓட்டை வழியாக மறுபக்கம் காற்று வந்தது. மூடியைப் போட்டார், அவள் ஏறினாள். இருபது தடவை தூக்கி இறக்கினாள், பிறகு எண்ணுவதை விட்டுவிட்டோம். ஐசக் ஒருதரம்கூடப் பக்கெட்டைப் பார்க்கவில்லை. பெயின்ட் டப்பாவை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்பக்கம் போனார்.

வியாழக்கிழமை காலை ஐசக்கின் ஸ்கூட்டரில் பின்னால் டிபன் கேரியரோடு நானும் போனேன். மில்ட்ரெட் ஏழு மணிக்கே வண்டியோடு போய்விட்டாள். பண்ணை வாசலில் மஞ்சள் ஜேசிபி நின்றது. ஷ்யாம் சொன்ன நேரம்வரைகூடப் பொறுக்காமல் அதையும் வரவழைத்திருந்தார். மேகம் தலைக்கு மேல் வந்துவிட்டது. காற்றில் சாணி எருவும் ஈரமும் கலந்து வாடை அடித்தது. எட்டு மணிக்கு மில்ட்ரெட் முதல் பக்கெட்டைத் தூக்கினாள்.

ஷ்யாம் போனில் மணி பார்த்தபடி நின்றார். பத்து நிமிடம் ஆயிற்று. கால் மணி ஆயிற்று. ஜேசிபி டிரைவர் இறங்கிவந்து புகையிலையைக் கசக்கிக்கொண்டே வேடிக்கை பார்த்தான். ஒரு டிராலி நிறைந்து போனது, இன்னொன்று வந்தது. ஒன்பது மணிக்கு ஷ்யாம் கையைக் காட்டினார்.

"போதும் மேடம், நம்பிட்டேன். ஜேசிபி வந்தது வந்தாச்சு, பாதிக் குவியலை அது எடுக்கட்டும். மழை வருது."

"வந்தது வந்த வழியே போகட்டும்" என்றாள் மில்ட்ரெட், எஞ்சின் சத்தத்துக்கு மேலே. "மழை எனக்கும் தெரியுது."

அவள் வண்டியை நிறுத்தவில்லை. தண்ணீர் குடிக்கவும் இறங்கவில்லை. செம்மண் புழுதி அவள் புருவத்தில், கைவளையலில், டிபன் கேரியரின் மூடியில் எல்லாம் படிந்தது. பதினொன்றரைக்கு ஒரு குவியல் தீர்ந்து தரை தெரிந்தது. ஜேசிபிக்காரன் எப்போது போனான் என்று யாரும் கவனிக்கவில்லை. அப்போதுதான் எஞ்சினை அணைத்தாள். ஐசக் கேரியரைத் திறந்து சோற்றில் கருவாட்டுக் குழம்பை ஊற்றி அவள் கையில் கொடுத்தார். அவள் சீட்டிலேயே உட்கார்ந்து சாப்பிட்டாள்.

ஷ்யாம் பக்கத்தில் வந்து, சுரண்டிய இடத்திலிருந்த எழுத்துகளைத் தட்டுத்தடுமாறி வாசித்தார். "என்னதான் ஆகியிருந்தது?" என்று கேட்டார்.

"சீல்" என்றாள் மில்ட்ரெட், சோற்றிலிருந்து தலையைத் தூக்காமல். "பழைய சீல் சரியில்லை, மாத்திட்டோம்."

அதோடு போயிருக்கும். ஷ்யாமும் தலையாட்டிவிட்டார். ஐசக்தான் கேரியர் மூடியைக் கீழே வைத்தார். வேலைக்காரர்கள், டிராலி டிரைவர்கள் எல்லாம் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள்.

"சீல் இல்லை சார்" என்றார், தன்னுடைய ஒர்க்‌ஷாப் இந்தியில், நிமிர்ந்து நின்று. "நான் அடிச்ச பெயின்ட். மூச்சு ஓட்டையை நான்தான் அடைச்சேன். முப்பத்தஞ்சு வருஷ ஃபிட்டர், தப்பு என்னோடது. அதைக் கண்டுபிடிச்சது இவள். ரிப்போர்ட் எழுதறதா இருந்தா அப்படி எழுதிக்கோங்க."

யாரும் சிரிக்கவில்லை. ஷ்யாம் மழை மேகத்தைப் பார்த்தார். ஐசக் தமிழுக்கு மாறி, மெதுவாக, "இனிமே பெயின்ட்டத் தொடமாட்டேன்ட்டி" என்றார்.

மில்ட்ரெட் கையைக் கழுவிவிட்டுச் சாவியைத் திருகினாள். எஞ்சின் எடுத்துக்கொண்டது.

"ஏன் தொடமாட்டீய? நல்லா அடிங்க. அடுத்த மேயிலயும் அடிங்க, ரெண்டு கோட்டா அடிங்க" என்றாள். "அந்த எழுத்த மட்டும் விட்டுருங்க. மூச்சு ஓட்டைய நான் வெரல வச்சிப் பொத்திக்கிட்டு நிக்கேன். இப்ப தள்ளுங்க, இன்னொரு குவியலு கெடக்கு."